எஃப்டிஐஆரில் (ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) அகச்சிவப்பு ஒளி 120 டெராஹெர்ட்ஸ், சிக்னலை எண்களாக மாற்றும் ஏடிசியின் வேகமோ சில கிலோஹெர்ட்ஸ்தான். அப்படியானால், அலையின் அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஸாம்பிள் எடுக்க வேண்டும் என்கிற நைக்விஸ்ட் விதி என்ன ஆகிறது?

விதி அப்படியேதான் இருக்கிறது. அந்த 120 டெராஹெர்ட்ஸ் அலை ஏடிசி வரைக்கும் வருவதே இல்லை.

உள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு கண்ணாடி மெதுவாக நகர்கிறது. அது நகரும் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு ஒளிப்பாதை மாறும், அதனால் டிடெக்டரில் வரும் அதிர்வெண் 2 × கண்ணாடியின் வேகம் × அலை எண் (ஒரு செ.மீ.க்குள் எத்தனை அலை என்பது). வினாடிக்கு 0.316 செ.மீ. என்று போட்டுப் பாருங்கள், 4000 செ.மீ.⁻¹ (அந்த 120 டெராஹெர்ட்ஸ்தான் இது) சுமார் 2.5 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும், 400 வெறும் 250 ஹெர்ட்ஸ். காதுக்கே கேட்கிற அளவு!

அடுத்தது, எப்போது ஸாம்பிள் எடுப்பது? கடிகாரத்தைப் பார்த்து இல்லை, தூரத்தைப் பார்த்து. அல்சூரில் பூ விற்கும் அம்மா அவசரமாக அளந்தாலும் நிதானமாக அளந்தாலும் மூன்று முழம் மூன்று முழம்தானே, இங்கே அந்த முழக்கை 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர். கண்ணாடியின் வேகம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை. லேசர் அலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸாம்பிள் எடுத்தால் 15798 செ.மீ.⁻¹ வரை பார்க்கலாம், ஒன்று எடுத்தால் 7899, இரண்டு அலைக்கு ஒன்று என்றால் 3949.5 தான்.

இந்தக் கடைசி அமைப்பில்தான் நான் மாட்டினேன். பீன்யாவில் ஒரு லேபில் சேர்ந்த புதிது, ஃபைல் சின்னதாக இருக்கட்டும் என்று யாரோ அப்படி வைத்துவிட்டுப் போயிருந்த மெத்தடில் தடிமனான பாலிஎத்திலீன் ஷீட்டை ஓட்டினேன். 3569, 3644 பக்கம் ஒளி உறிஞ்சப்பட்டதைக் காட்டும் இரண்டு பட்டைகள். ஈரம் என்று முடிவு கட்டி ஓவனில் காயவைத்தேன், மறுபடி ஓட்டினால் அப்படியே நிற்கின்றன (பாலிஎத்திலீன் எங்கே தண்ணீர் குடிக்கும், அதுகூடத் தோன்றவில்லை). சீனியர் அக்கா ஒருவர் வந்து, "ஸாம்பிளிங்கை மாத்திப் போட்டுப் பாருப்பா" என்றார். மாற்றியதும் இரண்டும் 4330, 4255-க்குத் தாவிவிட்டன. கார்பன்-ஹைட்ரஜன் (சி-ஹெச்) பிணைப்பின் அதிர்வுகள் சேர்ந்து தரும் கூட்டுப் பட்டைகள், 3949.5 எல்லையில் மடங்கி உள்ளே விழுந்திருக்கின்றன: 7899 − 4330 = 3569. உண்மையான பட்டை என்றால் ஸாம்பிளிங்கை மாற்றினாலும் இடம் மாறாது.

மடங்கி விழுந்ததை அப்புறம் எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது. எல்லைக்கு மேலே உள்ளதை ஏடிசிக்கு முன்பே ஆப்டிகல் ஃபில்டராலோ மின்னணு ஃபில்டராலோ வெட்டிவிட வேண்டும். நீங்கள் 4000 வரை பார்ப்பதாக இருந்தால் 7899 அமைப்பிலேயே ஓட்டுங்கள், ஃபைல் பெரிதானால் ஆகட்டும்.