பாலைவனப் பள்ளத்தாக்கில் மழையே பெய்யாமல் திடீர் வெள்ளம் வருவது எப்படி?

மழை கொட்டிய சில நிமிடங்களிலோ, அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள்ளோ சீறிப் பாய்ந்து வருவதுதான் திடீர் வெள்ளம்.

பாலைவன மலைகளில் அது இவ்வளவு கொடூரமாக இருக்க நிலத்தின் அமைப்பே காரணம். சரிவுகள் பெரும்பாலும் வெறும் பாறை. ஓடும் நீரைத் தடுக்க மரமோ புல்லோ அதிகம் கிடையாது. ஒரு பெரிய மண்டபத்தின் கூரை முழுக்க விழும் மழை ஒரே குழாய் வழியாக இறங்கினால் எப்படிப் பாயும்? பல சதுர கிலோமீட்டரில் பெய்த மழை, இரண்டு மீட்டர் அகலம்கூட இல்லாத இடுக்குக்குள் அப்படித்தான் நுழைகிறது. பக்கவாட்டில் பரவ இடமில்லாததால் மட்டம் கிடுகிடுவென ஏறும். சேறும் கற்களும் மரக்கட்டைகளும் கூடவே உருண்டு வரும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று, அமெரிக்காவின் அரிசோனாவில், கீழ் ஆன்டெலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் பெரிய மழை இல்லை; பல கிலோமீட்டர் தள்ளி, மேற்பகுதியில் இடிமழை கொட்டியிருந்தது. ஆகவே தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்க்காதீர்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்குமான முன்னறிவிப்பைப் பாருங்கள்.

தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ உடனே மேட்டில் ஏறுங்கள். பள்ளத்தாக்கு வழியாகவே வெளியே ஓடப் பார்த்தால் வெள்ளம் முந்திவிடும். வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். சுவர்களுக்கு இடையே உயரத்தில் சிக்கி நிற்கும் கட்டைகள் பழைய வெள்ளத்தின் மட்டத்தைக் காட்டுகின்றன. அதற்கும் மேலே போய்விட வேண்டும்.

காய்ந்த மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பாலைவனத்தில் பல இடங்களில் மேல்மண் இறுகிக் கெட்டிப்பட்டிருப்பதால், கொட்டும் வேகத்துக்கு உறிஞ்ச முடியாமல் பெரும்பகுதி அப்படியே வழிந்தோடிவிடுகிறது.