வாசகர் கேள்வி: பென்சிலைப் பொத்திப் பிடிக்கும் பிள்ளைகள்

கேள்வி: தரம் 1 கற்பிக்கிறேன். சில பிள்ளைகள் பென்சிலை முழுக்கையாலும் பொத்திப் பிடித்து, இரண்டு வரியிலேயே கை நோகுது என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: கொப்பியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். விரல் பலப்படாத பிள்ளையை எழுத வைத்தால் பிழையான பிடிதான் பழகும். தினமும் 10 நிமிட விளையாட்டுப் போதும்.

கிரேயோனை 3 சென்ரிமீற்றர் துண்டுகளாக முறித்துக் கொடுங்கள். அதைப் பொத்திப் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாகச் சேரும். தாளைக் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டினால் மணிக்கட்டும் தோளும் உறுதிப்படும்.

அடுத்தது உடுப்புக் கிளிப். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரலால் மட்டும் அட்டை விளிம்பில் பத்துக் கிளிப்பைக் கொழுவட்டும். மற்ற இரு விரலுக்குள் சின்னக் கடதாசி உருண்டையொன்றை ஒளித்து வையுங்கள். அது விழுந்தால் முழுக்கையும் வேலை செய்கிறது என்று அர்த்தம். கிளிப் இறுக்கமென்றால் பிள்ளை விரல் நுனியால் அல்லாமல் சுட்டுவிரலின் பக்கவாட்டால் அமர்த்தும். தளர்ந்த கிளிப்பில் தொடங்குங்கள்.

மா பிசைய: கோதுமை மா 2 கோப்பை, உப்பு 1 கோப்பை, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் முக்கால் கோப்பையளவு, சிறிது சிறிதாக. நமது கடற்கரைக் காற்றில் உப்பு ஈரம் இழுத்து மா பிசுபிசுக்கும். மூடிய டப்பாவில் வையுங்கள். புளியங்கொட்டை பொறுக்கும் விளையாட்டும் நல்லதே, ஆனால் வாயிலோ மூக்கிலோ போடும் பிள்ளைக்கு வேண்டாம்.

கால் நிலத்தில் படாமல் தொங்கினால் கையும் தளரும். காலடியில் பலகை வையுங்கள். சில மாதத்திலும் மாற்றமில்லை, பொத்தான் பூட்டவும் சிரமமென்றால், தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்) காட்டும்படி பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.