டீபக்கர் கேள்வி-பதில்: நிறுத்திப் பார்ப்பதா, ஓடவிட்டுப் பார்ப்பதா?

(டீபக்கர் என்பது ஓடும் புரோகிராமை நிறுத்தி, உள்ளே பார்த்துப் பிழை தேட உதவும் கருவி. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். திரையில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

கேள்வி: உபுண்டுவில் ஓடிக்கொண்டிருக்கும் என் சி++ சர்வரோடு ஜிடிபி டீபக்கரை இணைத்தால் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்கிறது. அந்த புராசஸை (ஓடும் புரோகிராமை)த் தொடங்கியதும் நான்தான், அதே யூசர்தான். பிறகு ஏன்?

பதில்: இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள ‘யாமா’ என்ற பாதுகாப்பு மாட்யூல்தான் தடுக்கிறது. பெயர் பொருத்தம்தான்! /ப்ராக்/சிஸ்/கெர்னல்/யாமா/பிட்ரேஸ்_ஸ்கோப் ஃபைலை ‘கேட்’ கட்டளையால் திறந்து பாருங்கள். உபுண்டுவில் வழக்கமாக 1 இருக்கும். டீபக்கர் தான் பெற்றெடுத்த புராசஸையும் அதன் வாரிசுகளையும் மட்டுமே தொடலாம் என்று அதற்குப் பொருள். உங்கள் சர்வரோ வேறு டெர்மினலில் பிறந்தது.

ரூட் (நிர்வாகி) அதிகாரத்தோடு ஓட்ட, ‘சூடோ ஜிடிபி -பி’ என்று புராசஸ் எண்ணைக் கொடுத்தால் போதும். அடிக்கடி தேவைப்பட்டால், உங்கள் சொந்தக் கணினியில் மட்டும், ‘சூடோ சிஸ்சிடிஎல் கெர்னல்.யாமா.பிட்ரேஸ்_ஸ்கோப்=0’. ரீபூட் செய்ததும் பழைய மதிப்பு திரும்பிவிடும். விளையாட்டாக 3 போட்டுவிடாதீர்கள். அதன்பின் ரூட்டாலும் இணைக்க முடியாது, ரீபூட் செய்யும்வரை மாற்றவும் முடியாது.

சூடோவிலும் அதே பிழை வந்தால் /ப்ராக் கீழே அந்த எண்ணுள்ள டைரக்டரியில் ‘ஸ்டேட்டஸ்’ ஃபைலைத் திறந்து ‘டிரேசர்பிஐடி’ வரியைப் பாருங்கள். பூச்சியம் இல்லையென்றால் வேறொரு டீபக்கர் ஏற்கெனவே பிடித்திருக்கிறது. பெரும்பாலும் எடிட்டரை மூடிய பிறகும் பின்னணியில் தங்கிவிட்ட பழைய ஜிடிபிதான். ஒரு புராசஸுக்கு ஒரு டிரேசர்தான். ஜிடிபியும், புரோகிராம் கெர்னலுக்கு விடுக்கும் அழைப்புகளைப் பதிவு செய்யும் எஸ்டிரேஸும் ஒரே நேரத்தில் ஒட்டாது.

கேள்வி: பிரேக்பாயிண்ட் போட்ட வரியில் நிற்பதில்லை. நின்றாலும் வேரியபிளைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’. பில்ட் செய்ய சிமேக் பயன்படுத்துகிறேன்.

பதில்: சிமேக்கில் பில்ட் டைப் எதுவும் கொடுக்காவிட்டால் ‘-ஜி’ சேராது, டீபக் தகவலே இல்லாத பைனரிதான் கிடைக்கும். ஜிடிபி திறக்கும்போதே ‘நோ டீபக்கிங் சிம்பல்ஸ் ஃபவுண்ட்’ என்று சொல்லியிருக்கும், நாம் படிப்பதில்லை. ‘ரெல்வித்டெப்இன்ஃபோ’ கொடுத்தால் ‘-ஜி’ வரும், கூடவே வேகத்துக்காகக் கோடை மாற்றியமைக்கும் (ஆப்டிமைசேஷன்) ‘-ஓ2’வும் வரும். உங்களுக்கு வேரியபிள் காணாமல் போவது இதனால்தான்: அதன் மதிப்பு இருந்த ரெஜிஸ்டரை (சிப்புக்குள் உள்ள சிறு சேமிப்பிடத்தை) கம்பைலர் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. ‘நெக்ஸ்ட்’ அடித்தால் வரி முன்னும் பின்னும் தாவுவதும் அதே காரணத்தால்தான்.

‘டீபக்’ என்று மாற்றி பில்ட் டைரக்டரியைப் புதிதாக உருவாக்குங்கள். ஆப்டிமைசேஷன் இல்லாமல் மிகவும் மெதுவானால் ‘-ஓஜி’ நல்ல நடுவழி. கன்டெய்னரில் கம்பைல் செய்து வெளியே டீபக் செய்வதால் சோர்ஸ் கிடைக்கவில்லை என்றால், ‘செட் சப்ஸ்டிட்யூட்-பாத்’ என்று பழைய பாதையையும் புதிய பாதையையும் கொடுத்தால் தீரும்.

கேள்வி: நெட்வொர்க் கிளையன்டில் எப்போதாவது ஒருமுறை பதில் தாமதமாகிறது. ஒவ்வொரு வரியாக ஸ்டெப் செய்தால் கனெக்‌ஷனே அறுந்துவிடுகிறது. டிரேஸ் செய்வதா, ஸ்டெப் செய்வதா?

பதில்: டிரேஸ், அதாவது ஓடவிட்டுப் பதிவு செய்வது. நீங்கள் நிறுத்தி யோசிக்கும்போது உங்கள் புராசஸ் மட்டுமே உறைகிறது, மறுமுனை உறைவதில்லை. அது தன் டைம்அவுட் முடிந்ததும் கனெக்‌ஷனை அறுத்துவிடும். நீங்கள் பார்க்கும் பிழை நீங்களே உண்டாக்கியது.

‘எஸ்டிரேஸ் -எஃப் -டிடி -டி -ஒய் -இ டிரேஸ்=நெட்வொர்க்,போல் -ஓ லாக்.டெக்ஸ்ட் -பி’, கடைசியில் புராசஸ் எண். ‘-எஃப்’ போடாவிட்டால் மற்ற த்ரெட்கள் (புராசஸுக்குள் இணையாக ஓடும் கிளைகள்) லாகில் வராது. பலர் தவறுவது இங்கேதான். ‘-டிடி’ சிற்றெழுத்து, மைக்ரோசெகண்டுவரை நேரம் காட்டும். அடுத்த ‘-டி’ பேரெழுத்து. ஒவ்வொரு சிஸ்டம் கால் (கெர்னலுக்கான அழைப்பு) எடுத்த நேரத்தை வரிக் கடைசியில் கோண அடைப்புக்குள் போடும். ஈபோல் பயன்படுத்தும் கிளையன்ட் என்றால் ‘போல்’ என்ற இடத்தில் ‘ஈபோல்_வெயிட்’. இரண்டும் தரவுக்காகக் காத்திருக்கும் அழைப்புகள். அந்த எண்களில் பெரியது எது என்று பாருங்கள். காத்திருக்கும் அழைப்பில் நேரம் போயிருந்தால் தாமதம் வெளியே. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தால், முதலில் உங்கள் கோடைச் சந்தேகியுங்கள். எஸ்டிரேஸ் ஒவ்வொரு அழைப்பிலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் புராசஸை நிறுத்துவதால், அதுவே வேகத்தைக் குறைக்கும். நொடிக்குப் பல்லாயிரம் அழைப்புகள் போகும் சர்வரில் ‘பெர்ஃப் டிரேஸ்’ மேல்.

இடம் தெரிந்துவிட்டது, உள்ளே உள்ள மதிப்புதான் வேண்டும் என்றால் ஜிடிபியிலேயே ‘டிபிரின்ட்எஃப்’ இருக்கிறது. கோடைத் தொடாமல், மறுபடி கம்பைல் செய்யாமல், குறிப்பிட்ட வரியில் மதிப்பை அச்சிட்டுவிட்டுத் தானே ஓட்டத்தைத் தொடரும். ஆனால் 10 லட்சம் முறை சுற்றும் லூப்புக்குள் அதையோ நிபந்தனை பிரேக்பாயிண்டையோ வைக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் புராசஸ் நின்று நின்று போகும்.

ஸ்டெப் செய்வது எப்போது சரி? பிழை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வர வேண்டும், ஒரே த்ரெட்டாக இருக்க வேண்டும், நேரத்தைச் சாராததாக இருக்க வேண்டும். பல த்ரெட்கள் இருந்தால் நீங்கள் ‘நெக்ஸ்ட்’ அடிக்கும்போது மற்றவையும் ஓடும்; ‘செட் ஷெட்யூலர்-லாக்கிங் ஸ்டெப்’ கொடுத்தால் ஸ்டெப் செய்யும்போது அவை நிற்கும். நிறுத்தப்பட்ட த்ரெட் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) வைத்திருந்தால் உங்களுடையதும் அங்கேயே தொங்கும், கவனம்.

யாரோ ஒரு மெமரி இடத்தைக் கெடுக்கிறார்கள், யாரென்று தெரியவில்லை என்றால் இரண்டும் வேண்டாம். ‘வாட்ச் -எல்’ போடுங்கள், அந்த இடத்தின் மதிப்பு மாறியதும் ஜிடிபி நிறுத்தும். எக்ஸ்86 சிப்பில் இதற்கு நான்கே ரெஜிஸ்டர்கள். 64 பிட் முறையில் ஒன்று அதிகபட்சம் 8 பைட் பார்க்கும். பெரிய ஸ்ட்ரக்ட் முழுவதையும் கண்காணிக்கச் சொன்னால் ஜிடிபி ஒவ்வொரு மெஷின் கட்டளையாக ஸ்டெப் செய்யத் தொடங்கும். ஓட்டம் நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாகும்.

டீபக்கரில் ஓட்டினால் பிழையே வராமல் மறைகிறதா? ஜிடிபி தான் தொடங்கும் புராசஸுக்கு முகவரிக் குலுக்கலை (ஒவ்வொரு ஓட்டத்திலும் மெமரி முகவரிகளை மாற்றி வைப்பதை) அணைத்துவிடும். ‘செட் டிஸேபிள்-ரேண்டமைசேஷன் ஆஃப்’ கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: கிராஷுக்கு முந்தைய வரியில் பிரின்ட்எஃப் போட்டேன். லாக் ஃபைலில் அது வரவே இல்லை. கிராஷ் அதற்கும் முன்பே நடக்கிறதா?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். ஃபைலுக்குத் திருப்பிய எஸ்டிடிஅவுட் (வழக்கமான வெளியீடு) பஃபர் எனும் தற்காலிகச் சேமிப்பு நிரம்பிய பிறகுதான் எழுதும். கிராஷில் பஃபர் அப்படியே போய்விடும். எஸ்டிடிஎர்ருக்கு (பிழைச் செய்திகளுக்கான வெளியீட்டுக்கு) எழுதுங்கள், அதில் பஃபர் கிடையாது. கோடைத் தொட முடியாவிட்டால் ‘எஸ்டிடிபஃப் -ஓஎல்’ (‘எல்’ மட்டும் பேரெழுத்து) என்று முன்னால் சேர்த்து ஓட்டுங்கள்.