ராஜினாமா கடிதத்துக்குப் பிறகு வந்த 4,000 ரூபாய்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். நிரந்தர ஆட்கள் 40 பேர். வேலை தெரிந்தவர்கள்தான் ஓசூர் கம்பெனிகளுக்குப் போய்விடுகிறார்கள். பத்து வருஷமாக இருந்த பாய்லர் ஆபரேட்டர் போன மாதம் ராஜினாமா கொடுத்தார். 4,000 ரூபாய் கூட்டித் தருகிறேன் என்றும் நிற்கவில்லை. தொழிலாளிகளுக்கு விசுவாசமே இல்லாமல் போய்விட்டதா?

பதில்: பத்து வருஷம் உங்கள் பாய்லர் முன்னால் நின்றவரைப் பார்த்து விசுவாசம் இல்லை என்று சொல்ல எப்படி மனசு வந்தது? சித்திரைக் கடைசியில் தொடங்கி ஆடி வரைக்கும் பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து நிற்கும். பழுத்த பழம் காத்திருக்காது. நீராவி நின்றால் ஆலையே நின்றுவிடும். எத்தனை சீசனில் அவர் தூக்கம் கெட்டு நின்றார் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த 4,000 ரூபாய் அதற்கு முந்தின மாதமும் உங்களிடம் இருந்த பணம்தானே? அவர் வாய் திறக்காத வரை கொடுக்கவில்லை. கடிதத்தைக் கண்டதும் எடுத்து நீட்டினீர்கள். 'இவ்வளவு நாளும் தெரிந்தேதான் குறைத்துக் கொடுத்திருக்கிறார்' என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். மீதி 39 பேரும் அதைப் பார்த்தார்கள். இங்கே சம்பளம் கூட வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

நானும் ஒரு காலத்தில் தர்மபுரியில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவன். இரண்டு மெஷின், இரண்டு ஆள். மற்றவருக்கு வேலையில் மனசு இல்லை, பேப்பர் நிறைய வீணாகும். அதனால் அவசரக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் தலையில்தான் விழும். "நீ நல்லா பண்ணுவப்பா" என்பார் முதலாளி. முதலில் அது இனித்தது. தை மாத முகூர்த்த நேரத்தில் ஒரு ராத்திரி 11 மணிக்கு ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் மையும் மண்ணெண்ணெயும். பாலக்கோட்டுக்குக் கடைசி பஸ் போய்விட்டது. மற்றவர் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதம் நின்றுவிட்டேன். முதலாளி ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. நன்றாகச் செய்ததற்குப் பரிசாக மேலும் மேலும் வேலையைக் கொடுத்தார்.

உங்கள் ஷிப்ட் ரெஜிஸ்டரை எடுங்கள். போன சீசனில் வார லீவைத் தொலைத்தவர்கள் யார் யார் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் உங்களுடைய நல்ல ஆட்களின் பெயர்தான் வரும். அந்த லீவைத் திருப்பிக் கொடுத்தீர்களா? ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. அதையாவது முழுசாகக் கொடுக்கிறீர்களா?

ஓசூர் சம்பளத்தோடு போட்டி போட முடியாது என்பீர்கள். சரி. ஆனால் அவருக்கு வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாடு கன்று எல்லாம் இங்கேதான். அதை விட்டு விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறப் போகிறார் என்றால், காரணம் பணம் மட்டுமாக இருக்காது. உங்கள் ஆலையில் ஹெல்பராகச் சேர்ந்தவர் பத்து வருஷம் கழித்து என்ன ஆவார்? பாய்லருக்குச் சான்றிதழ் பெற்றவர்தான் நிற்க வேண்டும், அதற்கு இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று தேர்வுகள் இருக்கின்றன. ஆர்வமுள்ள ஹெல்பர் ஒருவருக்குச் சீசன் இல்லாத மாதங்களில் படிக்க நேரம் கொடுங்கள், கட்டணத்தையும் கட்டுங்கள். 'பாஸாகிவிட்டு அவனும் போய்விடுவானே' என்று தோன்றும். தேர்ச்சி பெற்ற மாதமே, அவர் கேட்காமலே சம்பளத்தை உயர்த்துங்கள். அப்படியும் சிலர் போவார்கள். ஆனால் கற்றுக்கொள்ள வழியே இல்லாத இடத்தில் கெட்டிக்காரர் யாரும் தங்கமாட்டார்.

கடைசியாக, போனவரின் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால், பத்து வருஷத்துக்கு 1,50,000. 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அவர் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே வீட்டுக்குப் போய்க் கையில் கொடுத்து, ஏன் போனீர்கள் என்று கேளுங்கள். இப்போது அவர் உங்களிடம் மறைத்துப் பேச வேண்டியதில்லை.