பண்ருட்டி முந்திரியை புதுச்சேரியில் விற்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. கைக்கு 26,000 ரூபாய் வருகிறது. பர்ச்சேஸ் பில், ஸ்டாக், ஜிஎஸ்டி எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஞாயிறும், மற்ற நாட்களில் மாலை 2 மணி நேரமும் ஓய்வு கிடைக்கும். சேமிப்பு 80,000. பண்ருட்டி முந்திரியை 100 கிராம் பாக்கெட்டாகப் போட்டு புதுச்சேரி கடைகளுக்குக் கொடுக்கலாமா, டி-ஷர்ட் பிரின்டிங் மெஷின் வாங்கலாமா? மனைவியின் நகையை அடகு வைத்தால் இன்னும் ஒரு லட்சம் புரட்டலாம்.

பதில்: டி-ஷர்ட்டை முதலில் முடித்துவிடுவோம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் வீட்டில் அந்த மெஷின் மேல்தான் இப்போது துவைத்த துணியை மடித்து வைக்கிறார்கள்.

முந்திரிக்கு வருவோம். பேச்சுக்கு, பருப்பு கிலோ 850 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பாக்கெட், கவரும் லேபிளும் 60 ரூபாய். கடைக்காரர் பாக்கெட்டுக்கு 105 கொடுத்தால் கிலோவுக்கு 140 மிஞ்சும். பத்தில் ஒன்று காறல் வாடை அடித்துத் திரும்பி வந்தால் மிச்சம் 35. பெட்ரோல், கடைக்காரர் சொல்லும் ஒரு மாதக் கடன், உங்கள் ஞாயிற்றுக்கிழமை எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. பாக்கெட் போட உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் முள்ளோடையில், அதாவது புதுச்சேரி எல்லையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. எல்லை தாண்டி புதுச்சேரிக் கடைக்கு சப்ளை செய்தால் அது வெளிமாநில விற்பனை. முதல் பாக்கெட்டுக்கே பதிவு கட்டாயம். பிறகு ரிட்டர்ன், அதாவது விற்பனை, வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது, தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம்.

உங்களுக்கு இது தலைவலி என்றால், ஏற்கெனவே புதுச்சேரிக்கு அனுப்பும் சின்ன முந்திரி வியாபாரிகளுக்கு? மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் 19-ஆம் தேதி சாயங்காலம் மஞ்சள் பை நிறைய பில்லோடு ஆடிட்டர் ஆபீஸ் படியேறுவார். 20-ஆம் தேதி கெடு. அந்தப் பைதான் உங்கள் தொழில். கடிதத்தில் ஒற்றை வரியில் கடந்துபோனீர்களே, ஸ்டாக்கும் ஜிஎஸ்டியும் நான்தான் என்று, அதற்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது.

முந்திரிக்காரர்களுக்கு மட்டும் செய்யுங்கள். மெடிக்கல், மொபைல் கடை கூப்பிட்டாலும் இப்போதைக்கு வேண்டாம். கொட்டை எவ்வளவு வந்தது, முழுப் பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்று முதல் ஆளுக்குப் போடும் கணக்கு அமைப்பே ஆறாவது ஆளுக்கும் பொருந்தும், நேரம் பாதியாகும். மாதம் 1,500 வீதம் ஆறு பேர் என்றால் 9,000. முதலீடு ஒரு லேப்டாப்.

அடுத்த இரண்டு ஞாயிறு பண்ருட்டி போய் பத்துப் பேரைப் பாருங்கள். "வேணுமாண்ணா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு "பார்க்கலாம் தம்பி" என்பார்கள், அது ஆர்டர் இல்லை. போன மாத பில்லை வாங்கி ஒழுங்குபடுத்திக் காட்டி, 500 ரூபாய் அட்வான்ஸ் கேளுங்கள். இரண்டு பேர்கூடக் கொடுக்காவிட்டால் வேறு யோசிப்போம், இழப்பு பஸ் காசோடு போகும்.

நீங்கள் கணக்கு எழுதுங்கள். ரிட்டர்ன் தாக்கல் அவர்கள் ஆடிட்டர் வழியாகவே நடக்கட்டும். ஆடிட்டருக்கும் இது நிம்மதிதான், சண்டைக்கு வரமாட்டார். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இந்த வருமானம் வந்தபின் வருமான வரிக்கு சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 படிவம் செல்லாது, வேறு படிவம். 80,000-ல் கை வைக்காதீர்கள். நகையை அடகு வைக்கும் பேச்சே வேண்டாம்.