தொலைக்காட்சி அறம் கற்பிக்குமா? கேள்வி பதில்

கல்லூரியில் 22 ஆண்டுகள் ஊடகவியல் கற்பித்தேன். அந்தக் காலம் முழுவதும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: தொலைக்காட்சியும் பிற ஊடகங்களும் மனிதர்களுக்கு நல்லதைக் கற்பிக்குமா? இந்த முறையும் அதைப் பற்றித்தான் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். டி.வி. பார்த்து ஒருவர் நல்ல குணத்தைக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் நாம் கற்பிக்க நினைத்ததைத்தான் அவர் கற்றுக்கொள்வார் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது.

1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. பொழுதுபோக்கின் வழியாகச் சமூகக் கருத்துகளைச் சொல்வதற்கென்றே திட்டமிட்டு எடுத்த தொடர் அது. குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலை, குடிப்பழக்கம் எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்று நடந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். அந்தக் கதையில் பாக்வந்தி என்று ஒரு தாய். கணவன் திட்டினாலும் மாமியார் ஏசினாலும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்பவள். 'இப்படி இருக்காதீர்கள்' என்று பெண்களுக்குக் காட்டவே அந்தப் பாத்திரத்தைப் படைத்தார்கள். அர்விந்த் சிங்கல், எவரெட் ரோஜர்ஸ் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர்கள் பிறகு பார்வையாளர்களிடம் ஆய்வு செய்தபோது, ஏராளமானோர் பின்பற்றத் தகுந்தவள் என்று சொன்னது அவளைத்தான். பொறுமைசாலி, குடும்பத்தைக் கட்டிக் காத்தவள் என்று பாராட்டினார்கள்.

எழுதியவர் ஒரு பாடத்தை வைத்தார், பார்த்தவர் தன் வாழ்க்கைக்கு ஏற்ற வேறொரு பாடத்தை எடுத்துக்கொண்டார். கீழே உள்ள பல கேள்விகளுக்கும் என் பதில் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்): காந்தியடிகள் சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்துத்தானே வாய்மையைக் கைக்கொண்டார்? ஒரு நாடகம் செய்ததை ஏன் ஒரு தொடரால் செய்ய முடியாது?

நல்ல கேள்வி, ஐயா. 'சத்திய சோதனை'யில் அவர் எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நாடகத்தைப் பார்த்தேன், மாறிவிட்டேன் என்று அவர் முடித்துவிடவில்லை. அது தன்னை விடாமல் பிடித்துக்கொண்டது, எண்ணற்ற முறை தனக்குள்ளேயே அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்தேன் என்கிறார். எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக் கூடாது என்று இரவும் பகலும் கேட்டுக்கொண்டதாகச் சொல்கிறார். அதே நாடகத்தை அதே ஊரில் எத்தனையோ சிறுவர்கள் பார்த்திருப்பார்கள். நாடகம் எல்லாருக்கும் பொது. அதன் பிறகு அந்தச் சிறுவன் தன் மனத்துக்குள் செய்த வேலைதான் தனி.

என் பாட்டி எங்கள் ஊர்க் கூத்தில் மயான காண்டத்தை ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பார். பிள்ளையின் உடலை மடியில் வைத்துக்கொண்டு சந்திரமதி புலம்பும் இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். உண்மை பேச வேண்டும் என்று அவர் அந்தக் கூத்தை வைத்து எங்களுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. 'பெண்டாட்டி பிள்ளையை விற்கிறவனுக்குச் சத்தியம் எதற்கு?' என்றுதான் கேட்பார். அதுவும் அறக்கேள்விதான் என்று எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

கேள்வி (மூன்று பிள்ளைகளின் தந்தை, ஈரோடு): எத்தனை அட்டூழியம் காட்டினாலும் கடைசியில் வில்லனுக்குத் தண்டனை கிடைக்கிறது அல்லவா? பிள்ளைகள் அதைத்தானே கற்றுக்கொள்வார்கள்?

இல்லை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1965-இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாக இந்தக் கேள்விக்கு விடை தருகிறது. மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார். அதில் ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைக்கிறார். குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு, அடித்தவருக்குப் பரிசு கிடைப்பதாக முடிவு. இன்னொரு பிரிவுக்குத் தண்டனை. மூன்றாவதில் இரண்டும் இல்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் பொம்மையை அடித்தது குறைவுதான். ஆனால் அதற்குப் பின், 'படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருகிறேன்' என்று சொன்னதும் அந்த வேறுபாடு மறைந்தது. தண்டனையைப் பார்த்தவர்களும் அடிக்கும் முறைகளை நன்றாகவே கற்று வைத்திருந்தார்கள்.

தண்டனைக் காட்சி கையைக் கட்டுகிறது, கற்றதை அழிப்பதில்லை. முந்நூறு நாள் சூழ்ச்சியைக் காட்டிவிட்டுக் கடைசி வாரத்தில் சூழ்ச்சிக்காரியைச் சிறையில் தள்ளும் தொடரை நினைத்துப் பாருங்கள். முந்நூறு நாளும் வீட்டில் ஓடியது சூழ்ச்சிக்கான பயிற்சி வகுப்பு.

கேள்வி (நான்கு வயதுக் குழந்தையின் தாய், சென்னை): நான் 'நல்ல' கார்ட்டூன்கள் மட்டுமே போட்டுக் காட்டுகிறேன். அது போதுமா?

நீங்கள் தேர்ந்தெடுத்துக் காட்டுவது பெரிய காரியம் அம்மா, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் குழந்தை கதையிலிருந்து எதை எடுக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேரி லூயிஸ் மாரெஸ் என்ற ஆய்வாளர் 2008-இல் ஓர் அருமையான ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவில் 'கிளிஃபோர்டு' என்ற சிவப்பு நாய்க் கார்ட்டூனின் ஒரு பகுதியை மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். மூன்று கால்கள் கொண்ட நாய் ஒன்று வருகிறது. மற்ற நாய்களில் ஒன்று அதனிடம் நெருங்க அஞ்சுகிறது, கடைசியில் நட்பாகிறது. உடற்குறை உள்ளவர்களை ஒதுக்காதீர்கள் என்பது பாடம். கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டபோது, மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்கிற அளவில்தான் பல குழந்தைகள் நின்றார்கள். நாயிடமிருந்து மனிதருக்குத் தாவும் அந்த ஒரு படியை அந்த வயது தானாக ஏறுவதில்லை. கையைப் பிடித்து ஏற்றிவிட ஆள் வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்காவில் ஜேமி ஆஸ்ட்ரோவும் அவருடைய குழுவினரும் செய்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், கல்வி நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த குழந்தைகளிடம், 'உன்னை விளையாட்டில் சேர்க்க மாட்டேன்' என்று ஒதுக்கும் வகைச் சீண்டல் கூடுதலாகத் தெரிந்தது. இத்தகைய கதைகளில் சண்டை நெடுநேரம் ஓடும், சமாதானம் கடைசி ஓரிரு நிமிடம்தான் என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். சிறு குழந்தை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவதில்லை.

எனவே அடுப்படியிலிருந்து கொஞ்சம் எட்டிப் பார்த்து, 'அந்தக் குட்டி நாய் ஏன் தனியாக நின்றது? உன் வகுப்பில் அப்படி யாராவது நிற்கிறார்களா?' என்று கேளுங்கள். டெக்சாஸில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 'டேனியல் டைகர்' என்ற நிகழ்ச்சியைப் பார்த்த குழந்தைகளிடம் பரிவு கூடியது. ஆனால் பெற்றோர் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும் பழக்கமுள்ள வீடுகளில் மட்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): சீரியல்கள்தானே குடும்பங்களைக் கெடுக்கின்றன? பெண்கள் அதைப் பார்ப்பதை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடாதா?

உங்கள் இரண்டாவது வாக்கியத்தை நான் ஏற்கவில்லை. பெண்கள் பார்ப்பதைப் பற்றி மட்டும் ஏன் இந்தக் கவலை?

ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவைப் பற்றியது. அதில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் உண்டு. 2001 முதல் 2003 வரை புதிதாகக் கேபிள் இணைப்பு வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில், கணவன் மனைவியை அடிப்பது சரி என்று சொன்ன பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தது. அந்த ஊர்களுக்குக் கேபிளில் வந்த தொடர்கள் பெண்ணுரிமை பேசுவதற்காக எடுக்கப்பட்டவை அல்ல. கதைமாந்தர்கள் நகரத்தில் வாழ்ந்தார்கள், சில பெண்கள் வேலைக்குப் போனார்கள், தங்கள் காரியங்களைத் தாங்களே முடிவு செய்தார்கள். வேறு மாதிரியும் வாழலாம் என்பது யாரும் உபதேசிக்காமலே கண்ணில் பட்டது.

இன்றைய நம் தொடர்களில் விஷம் வைப்பதும் ஒட்டுக்கேட்பதும் எனக்கும் அருவருப்புத்தான். அதை எழுதுகிறவர்களிடம் சண்டை போடுவோம், பார்க்கிறவர்களிடம் வேண்டாம்.

கேள்வி (குறும்படம் எடுக்கும் மாணவர், கோயம்புத்தூர்): போதனை போலத் தெரியாமல் ஒரு நல்ல கருத்தைச் சொல்வது எப்படி?

தம்பி, மெக்சிகோவின் மிகெல் சபிடோவைப் பற்றிப் படியுங்கள். 1975-இல் எழுத்தறிவை மையமாக வைத்து 'வென் கோன்மிகோ' என்ற தொடரை எடுத்தவர். நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் ஒரு பக்கம், இடையில் தடுமாறுகிறவர் ஒருவர் என்று பாத்திரங்களை அமைப்பார். பார்க்கிறவர் கூடவே நடப்பது அந்த மூன்றாமவரோடுதான். அவர் தயங்க வேண்டும், விழ வேண்டும், மெதுவாக எழ வேண்டும். உங்கள் நாயகன் முதல் காட்சியிலேயே உத்தமனாக இருந்தால் பார்வையாளருக்கு அங்கே இடமில்லை.

கேள்வி (இல்லத்தரசி, தஞ்சாவூர்): சாலையோரத்தில் இருப்பவருக்குச் சாப்பாடு வாங்கித் தரும் காணொளிகள் மொபைலில் நிறைய வருகின்றன. பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

நான் காட்ட மாட்டேன். பெறுகிறவரின் முகத்தை ஊருக்கே காட்டிவிட்டுக் கொடுக்கிற கொடையைப் பிள்ளைகள் இயல்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி (வங்கி ஊழியர், திருச்சி): என் அப்பா நாள் முழுவதும் செய்தி விவாதங்கள் பார்க்கிறார். முன்பு எல்லாரோடும் பழகியவர், இப்போது ஒரு சமூகத்தாரைப் பற்றி வெறுப்போடு பேசுகிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் படித்து நெடுநேரம் கலங்கியிருந்தேன். ஊடகம் தீமையை எவ்வளவு விரைவாகக் கற்பிக்கும் என்பதற்கு ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவைவிடக் கொடிய சான்று இல்லை. 1994-இல் அங்கே ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி அங்குள்ள சிறுபான்மை இனத்தவரான டுட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று நாள்தோறும் இழித்துக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 100 நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

அதே நாட்டில் 2004-இல் 'முசெகெவேயா' என்ற வானொலி நாடகம் தொடங்கியது. இரண்டு கிராமங்களின் பகையையும், அதைக் கடக்க முயலும் இளைஞர்களையும் பற்றிய கதை. எலிசபெத் பாலக் என்ற உளவியலாளர் சில ஊர்களில் ஓராண்டு அதைக் குழுவாகக் கேட்க வைத்தார். வேறு ஊர்களில் உடல்நலம் பற்றிய நாடகம். முடிவு வியப்பானது. கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. 'நம்மைச் சுற்றியுள்ளவர்கள் எதைச் சரி என்கிறார்கள்' என்ற எண்ணமும் நடத்தையும் மாறின. ஆய்வு முடிந்ததும் ஊருக்குப் பொதுவாக ஓர் ஒலிப்பெட்டியும் நாடக ஒலிநாடாக்களும் தந்தார்கள். உடல்நல நாடகம் கேட்ட ஊர்களில் அதைத் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கலைந்தார்கள். சமாதான நாடகம் கேட்ட ஊர்களில் யார் வைத்துக்கொள்வது, எப்படிப் பகிர்வது என்று எதிர்க்கருத்தும் சொல்லித் தாங்களே பேசி முடிவெடுத்தார்கள்.

உங்கள் அப்பாவோடு வாதாடி அவர் கருத்தை மாற்றப் பார்ப்பதைவிட, அவரைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள். விவாதம் ஓடும்போது பக்கத்தில் உட்காருங்கள். 'நம் வீட்டில் இப்படிப் பேசுவது வழக்கமில்லையே அப்பா' என்று ஒரு முறை சொல்லிவிட்டு விடுங்கள். அவர் முன்பு பழகிய நண்பர்களில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழையுங்கள். செய்தி தொடங்கும் நேரத்துக்கு அழைத்தால் இன்னும் நல்லது.