பந்தா, பட்டமா என்று பையனை நிறுத்திக் கேட்காதீர்கள்

பிளஸ் டூ முடிக்கப்போகிற பையன் பி.காம். வேண்டாம், கால்பந்துதான் என்று நிற்கிறான், அவன் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. இரண்டு பேருக்கும் ஸ்காட்லாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் பேட் நெவின் கதையைச் சொல்லுங்கள்.

கிளாஸ்கோவில் 1963இல் பிறந்தவர். செல்டிக் கிளப்பின் சிறுவர் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை, உடம்பு சின்னது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவர் கல்லூரியில் வணிகவியல் படிக்கப் போனார், பந்தையும் விடவில்லை. 1981இல் கிளைட் என்கிற சின்ன கிளப்பில் பகுதிநேர ஆட்டக்காரராகச் சேர்ந்தார். அடுத்த வருடமே லண்டனிலிருந்து செல்சி கிளப் கூப்பிட்டது, படிப்பு இருக்கிறது என்று மறுத்துவிட்டார். பத்தொன்பது வயதுக்குள் செல்சியை மறுக்க எவ்வளவு தெளிவு வேண்டும், யோசித்துப் பாருங்கள். 1983இல் அவர்கள் மறுபடியும் வந்தார்கள், 95,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் முடிந்தது. அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்த செல்சி அடுத்த ஆண்டே முதல் டிவிஷனுக்கு ஏறியது, கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது இவருக்குத்தான். அப்புறம் எவர்டன், டிரான்மியர் கிளப்புகளில் ஆடினார். ஸ்காட்லாந்துக்காக 28 ஆட்டங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கவனிக்கவேண்டியது இதற்குப் பிறகுதான். இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1998இல் மதர்வெல் கிளப்பில் சேர்ந்தபோது ஆட்டக்காரர், தலைமை நிர்வாக அதிகாரி என்று இரண்டு வேலையும் ஒன்றாகவே பார்த்தார். காலையில் தன்னோடு ஓடிப் பயிற்சி செய்கிறவனுடைய சம்பள ஒப்பந்தமும் வங்கிக் கடனும் டிக்கெட் வருமானமும் மத்தியானம் அவர் மேசைக்கு வந்து நிற்கும். அதற்குக் கால் வேகம் மட்டும் போதாது, கணக்குப் புரியவேண்டும்.

அதுவும் பத்திரமான வேலை இல்லை, அதையும் மறைக்கமாட்டேன். 2002இல் நஷ்டம் தாங்காமல் மதர்வெல்லின் நிர்வாகம் வெளியாள் கைக்குப் போனது, பல ஆட்டக்காரர்கள் வேலை இழந்தார்கள், நெவினும் பதவி விலகினார். அதன்பின் ஒலிபரப்பும் எழுத்தும் அவருக்குச் சோறு போட்டன.

சரி, இப்போது செய்யவேண்டியது. ஊர்க்காரர்கள் புகழ்வதை விடுங்கள். பையனைப் பல ஆட்டங்களில் பார்த்த, உங்களுக்கு வேண்டியவரல்லாத ஒரு பயிற்சியாளரிடம் இவன் எந்த மட்டம் வரை போவான் என்று நேராகக் கேளுங்கள். மைதானமும் ஓடுகிற அணியும் உள்ள கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறதா, ஆட்டத்துக்குப் போகும் நாட்களுக்கு வருகைப்பதிவு தருவார்களா என்று சேருமுன்பே விசாரியுங்கள், சேர்ந்த பிறகு கெஞ்சி ஆகாது. பாடம் பி.காம். ஆகவே இருக்கட்டும். பெரிய கிளப் உண்மையாகவே கையில் ஒப்பந்தத்தோடு வந்தால் படிப்பைத் தள்ளிவைப்பது பற்றி அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம். முதலில் அவன் அப்பாவை ஒரு ஆட்டத்துக்காவது கூட்டிப் போங்கள், அவன் ஆடுவதை அவர் இதுவரை பார்த்ததே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.